வெளி யூனிட்

தர்மிளா போனபிறகும் மேசையில கிடந்தது படிவம்.
பதினொரு பக்கம்.
தன்ர நீலப் பேனையையும் விட்டிட்டுப் போயிருந்தா,
திரும்பி வர ஒரு சாட்டு வேணுமெண்டு.

மாதம் ஆறாயிரத்து எண்ணூறு.
ரெண்டு ஏசி கழுவினால் வந்திடும்.
சித்திரையில எண்டால் காலமைக்குள்ளயே வந்திடும்.
கார்த்திகையில ஒருத்தரும் கூப்பிடமாட்டினம்;
மழைக்கு ஃபானே போடாத ஊர்.
தவணைக்கு மாரி கோடை தெரியாது.

சுகமாய்த்தான் இருக்கிறன்.
கடைசியாய் வந்தது ஒரு தடிமன், போன மாசியில.
ரெண்டு பனடோல், ஒரு நாள் படுக்கை.
அண்டைக்கு மூண்டு பேர் கோல் எடுத்தினம்,
மூண்டு வேலையும் வேறாளுக்குப் போச்சு.
எனக்குச் சம்பளம் தாற முதலாளி நான்,
லீவு தராத முதலாளியும் நான்தான்.

"பெரியாஸ்பத்திரி இருக்கு, காசும் இல்லை, பிறகென்ன?"
எண்டு கேட்டன்.
"இருக்கு அண்ணை. ஸ்கானுக்குத் திகதியும் தருவினம்"
எண்டா. அதுக்கு மேல ஒண்டும் சொல்லேல்லை.
கெட்டிக்காரி.

அருள்சீலன் ஞாபகத்துக்கு வந்தான்.
குருநகர்ப் பெடியன், குழாய் வேலை,
கலியாண வீட்டிலயும் சோடாவோட நிக்கிறவன்.
கொக்குவிலில ஒரு தண்ணித் தாங்கிக்குக் கீழ
நெஞ்சைப் பொத்திக்கொண்டு இருந்திட்டான்.
ஸ்காபரோ மச்சான்தான் காசு அனுப்பினது.
நல்ல மனுசன்.
ஞாயிறு தவறாமல் வீடியோவில வந்து
"பொரிச்சதுகள் தின்னுறியோ?" எண்டு கேக்கிறார்.
இவன் போனைத் திருப்பி
அவிச்ச மரவள்ளியைக் காட்டுறான்.
அதுவும் ஒரு தவணைதான்,
எப்ப முடியுமெண்டு எழுதாத தவணை.

எனக்கு வெளியில ஒருத்தரும் இல்லை.

இரவு, பிள்ளை படுத்தபிறகு, பொடி எழுத்தை வாசிச்சன்.
'யுத்தம், கலவரம், இயற்கை அனர்த்தம்
ஆகியவற்றால் ஏற்படும் காயங்களுக்கு
இழப்பீடு வழங்கப்படமாட்டாது.'
சிரிப்பு வந்திட்டுது.
முப்பத்தொன்பது வயசு.
இதுவரை என்னை விழுத்தப் பாத்தது
இந்த மூண்டும்தான்.

"தனியச் சிரிக்கிறியள்?" எண்டு வந்தா சுபாங்கி.
வாசிச்சுக் காட்டினன். அவ சிரிக்கேல்லை.
அஞ்சாம் பக்கத்தை விரிச்சு ஒரு இடத்தில விரலை வைச்சா.
'உயரமான இடங்களில் வேலை செய்பவரா?
ஆம் / இல்லை.'
ஆம் எண்டால் தவணை கூடும்.
இல்லை எண்டால் பொய்.
"உயரமெண்டால் எவ்வளவாம்?" எண்டன்.
"அது நீங்கள் விழுந்தால்தான் எங்களுக்குத் தெரியும்"
எண்டிட்டு லைட்டை நூத்தா.

காலமை அரசடி வீதியில மூண்டு மாடி வீடு.
"நல்லாக் குளிருது தம்பி, பிறகேன் இப்ப சேர்விஸ்?"
வீட்டுக்கார ரீச்சர் வருசா வருசம் கேக்கிறவ.
நானும் வருசா வருசம் சொல்லுறன்:
ஓடேக்கயே பாத்திடோணும் ரீச்சர்,
நிண்டாப் பிறகு செலவு பெரிசு.
இண்டைக்கு வாயைத் திறந்தன்,
பாதியில நிப்பாட்டிப்போட்டு
ஏணியை எடுத்தன்.

வெளி யூனிட் அந்தரத்தில, ரெண்டு இரும்புக் கையில.
பதினாறு வருசமாய் உதுகளை மாட்டிக் கழட்டிறன்,
மேல மட்டும்தான் பாக்கிறது.
இண்டைக்குக் கீழ பாத்தன்.
போத்தலோடு பதிச்ச மதில்.
வாழைக்குப் பக்கத்தில ரீச்சரின்ர பூனை.
என்ர மோட்டசைக்கிள்,
பிள்ளையின்ர விளையாட்டுச் சாமான் மாதிரி.
ஒரு கையால ஏணியை ஆட்டிப் பாத்தன்.
ஆடேல்லை.
இன்னொருக்கா ஆட்டிப் பாத்தன்.

சேட் பொக்கற்றில ஏதோ குத்திச்சுது.
நீலப் பேனை.
பின்னேரம் அவவிட்டக் குடுக்கோணும்.